குற்றக்கூண்டில் நிற்க வேண்டியது மாணவனா, பாடவரிசையா?

எதை முன்னே விதைப்பது, எதைப் பின்னே விதைப்பது என்று அறியாதவன் கமக்காரனாக நிலைத்திருக்க முடியாது. வன்னியிலே காலபோக நெல்லை அறுத்த கையோடு, வயலில் எஞ்சிய ஈரம் வற்றுமுன் உழுந்தையும் பயற்றையும் விதைக்கிறார்களே, அது யாரிட்ட கட்டளை? தலைமுறை தலைமுறையாகக் கண்ட விளைச்சலும் பட்ட நட்டமும் கற்பித்த வரிசையன்றோ அது! ஒரு போகம் பொய்த்தால் கமக்காரன் விதையை மட்டும் நொந்துகொள்வதில்லை. விதைத்த காலம் சரியா, முன்னே நின்ற பயிர் சரியா என்றும் கேட்கிறான்; அடுத்த போகத்தில் மாற்றிச் செய்கிறான்.

இந்த எளிய நியாயம் எமது பல்கலைக்கழகங்களின் வாயிலைத் தாண்டி உள்ளே புகவில்லை. அங்கே ஒரு மாணவன் ஒரு பாடத்தில் தவறினால், குற்றம் முழுவதும் அவன் தலையிலேயே சுமத்தப்படுகிறது. அவன் சோம்பேறி, அவனுக்கு அடிப்படை போதாது, அவன் இத்துறைக்குத் தகுதியற்றவன். தீர்ப்பு எழுதி முடிந்தது! அதே பாடத்தில், அதே ஆண்டில், அவனுக்கு முன் வந்தோரும் பின் வந்தோரும் கூட்டங்கூட்டமாகத் தவறுவார்களானால், அந்தப் பாடத்தை அந்த இடத்தில் வைத்தது சரிதானா என்று கேட்பவர் எத்தனை பேர்?

இக்கேள்விக்கு விடை தேடும் கருவியொன்று இன்று உலகில் உண்டு. தரவு அகழ்வு என்பது அதன் பெயர். அதனை எமது பல்கலைக்கழகங்கள் தயக்கமின்றிக் கையிலெடுக்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. ஆனால் அது பாடத்திட்டத்தை நிறுக்கும் தராசாக இருக்க வேண்டுமேயன்றி, மாணவனை நிறுக்கும் தராசாக ஒருபோதும் ஆகிவிடக் கூடாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரிசையை வகுத்தவர் யார்?

நான்கு ஆண்டுப் பட்டநெறியொன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு அரையாண்டுகள், ஏறத்தாழ 40 பாடங்கள். இவற்றுள் சில பாடங்கள் இயல்பாகவே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட வேண்டியவை. அத்திவாரம் இடாமல் சுவர் எழுப்ப இயலாது என்பதை யாவரும் அறிவர். ஆனால் எல்லாப் பாடங்களின் இடமும் இத்தகைய நியாயத்தால் அமைந்ததன்று. முன்னைய பாடத்திட்டத்தில் அங்கே இருந்தது என்பதற்காக ஒரு பாடம் அங்கே இருக்கும். அந்த அரையாண்டில்தான் விரிவுரையாளர் கிடைப்பார், அந்த அரையாண்டில்தான் ஆய்வுகூடம் ஓய்வாக இருக்கும் என்பதற்காக இன்னொன்று அமர்ந்திருக்கும். காலப்போக்கில் காரணம் மறக்கப்பட்டுவிடும். வரிசை மட்டும் வேதவாக்காகிவிடும்.

இந்த வரிசையில் ஏற்படும் பிழைக்கு விலை கொடுப்பவர் யார்? பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறையே நடத்தப்படுவன. ஒன்றில் தவறியவன் அடுத்த முறைக்காகக் காத்திருக்க வேண்டும். அதைச் சித்தியடைந்தாலன்றித் தொட முடியாத வேறு பாடங்களும் அவனுடன் சேர்ந்து காத்திருக்கும். பல பீடங்களில், மீளத் தோற்றிப் பெறும் சித்திக்கு உயர்ந்த தரம் வழங்கப்படுவதில்லை. ஆதலால் வகுப்புச் சித்தியும் கைநழுவிப் போகிறது. கல்வி இலவசந்தான். ஆனால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பேருந்துக் கட்டணமும் இலவசமா? ஒரு ஆண்டு பிந்தினால், அந்த ஆண்டின் உழைப்பும் போயிற்று. தோட்டத்தை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்த தகப்பனுக்கு அந்த ஒரு ஆண்டு எவ்வளவு பெரிதென்பதைப் பாடத்திட்டக் குழுவின் மேசையிலிருந்து காண இயலாது.

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்தில் கிரெகரி ஹைல்மன் என்னும் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த விலையை எண்ணால் அளக்க ஒரு முறை வகுத்தனர். ஒரு பாடத்தில் தவறினால் எத்தனை பாடங்களின் கதவு அடைபடுகிறது என்பது முதலாவது அளவு. அந்தப் பாடத்தின் வழியே செல்லும் மிக நீண்ட சங்கிலியில் எத்தனை பாடங்கள் கோக்கப்பட்டுள்ளன என்பது இரண்டாவது அளவு. இரண்டையும் கூட்டினால், பட்டநெறியின் கழுத்தை நெரிக்கும் பாடம் எதுவென்று தெரிந்துவிடும். இதற்குப் பெரிய கணினிகூடத் தேவையில்லை. கடதாசியும் பென்சிலும் கொண்ட ஒரு விரிவுரையாளர் ஒரு பிற்பகலில் தமது துறைக்கு இதனைச் செய்துவிடலாம்.

ஏடுகளில் புதைந்து கிடக்கும் உண்மை

மேற்கூறியது வரைபடத்தைப் பார்த்துச் செய்யும் கணக்கு. தரவு அகழ்வோ, மாணவர் உண்மையில் நடந்து சென்ற பாதையைப் பார்த்துச் செய்வது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளையிலும் ஆண்டாண்டாகப் புள்ளிகள் குவிந்து கிடக்கின்றன. யார், எந்தப் பாடத்தை, எந்த அரையாண்டில், எத்தனையாவது முறை எழுதி, என்ன தரம் பெற்றார் என்ற முழு வரலாறும் அங்கே உண்டு. சான்றிதழ் அச்சிட்டு முடிந்ததும் அந்த வரலாறு உறங்கப் போய்விடுகிறது. உறங்கும் அந்த ஏட்டை எழுப்பி, எதன்பின் எது நிகழ்ந்தது என்று கேட்பதே தரவு அகழ்வு.

இக்கலை பிறந்த இடம் பள்ளிக்கூடமன்று, கடைத்தெரு. 1993ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ராகேஷ் அகர்வால் முதலானோர், பெருங்கடைகளின் விற்பனைச் சிட்டைகளை ஆராய்ந்து, ஒரு பொருளை வாங்குவோர் அதனுடன் வேறு எப்பொருளை வாங்குகின்றனர் எனக் காணும் முறையை வெளியிட்டனர். 1995இல், ஒன்றை வாங்கியவர் பின்னொரு நாளில் எதை வாங்குகிறார் என்னும் வரிசையைக் காணும் முறையும் வந்தது. பொருளுக்குப் பதிலாகப் பாடத்தையும், சிட்டைக்குப் பதிலாகப் புள்ளி ஏட்டையும் வைத்துப் பாருங்கள்! கல்விக்குரிய கருவி கிடைத்துவிட்டது. கல்வித் தரவு அகழ்வுக்கென முதலாவது உலக மாநாடு 2008இல் கனடாவின் மொன்றியல் நகரில் கூடியது.

அதனால் விளைந்த பயன் யாது? அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். வறிய குடும்பங்களின் பிள்ளைகளும் கறுப்பின மாணவரும் பெருந்தொகையாகப் பயிலும் நிலையம் அது. 2003ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்கே சேர்ந்த மாணவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே உரிய காலத்துள் பட்டம் பெற்று வெளியேறினர். அப்பல்கலைக்கழகம் பத்தாண்டுக் காலத்து 140,000 மாணவரின் 25 இலட்சம் புள்ளிகளை அகழ்ந்து பார்த்து, 2012இல் புதிய ஏற்பாடொன்றைத் தொடங்கியது. அகழ்வில் வெளிப்பட்ட சில உண்மைகள் பேராசிரியர்களையே வியக்க வைத்தன. தாதியர் கல்வியில் ஒரு மாணவி தேறுவாளா என்பதை, அத்துறையின் சொந்தப் பாடங்களைவிட, முதலாண்டில் படித்த சாதாரண கணிதமே தெளிவாக முன்னறிவித்தது. கணிதத்தில் தளம்பியவளுக்கு அப்போதே கைகொடுத்தால் மூன்றாம் ஆண்டில் அவள் விழமாட்டாள் என்பது தெரிந்தது. பத்தாண்டு கழிந்தபோது பட்டம் பெறுவோர் வீதம் பாதியைத் தாண்டியது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே பட்டம் பெறுவதில் இருந்த இடைவெளியும் மறைந்தது.

ஆனால் இந்த வெற்றியைப் பாராட்டுவோர் பலர் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். அப்பல்கலைக்கழகம் கணினியை மட்டும் நம்பவில்லை. மாணவருக்கு ஆலோசனை கூறுவதற்கென 42 பேரைப் புதிதாக நியமித்தது. கணினி மணி அடித்தது. மனிதர் எழுந்து ஓடினர். மணியை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, ஓடுவதற்கு ஆள் வைக்காத இடத்தில் என்ன பயன் விளையும்?

பாடவரிசையையே புரட்டிப் போட்டு வெற்றி கண்ட இடமும் உண்டு. ஒகாயோ மாநிலத்தின் ரைட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர், நுண்கணிதம் என்னும் படலையைக் கடக்க இயலாமல், பொறியியலின் முகத்தையே காணாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். நேதன் கிளிங்பைல் என்னும் பேராசிரியரின் தலைமையில் 2004இல் அங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பொறியியலுக்கு உண்மையில் வேண்டிய கணிதத்தை மட்டும் திரட்டி, பொறியியல் ஆசிரியர்களே ஆய்வுகூட உதாரணங்களுடன் முதலாண்டில் கற்பித்தனர். நுண்கணிதம் முழுவதையும் முடித்தாலன்றி இரண்டாமாண்டுப் பொறியியலைத் தொடக் கூடாதென்ற பழைய தடை நீக்கப்பட்டது. நுண்கணிதம் பின்னே, அதன் பயன் விளங்கிய பிறகு, வந்து சேர்ந்தது. பட்டம் பெறுவோர் தொகை உயர்ந்ததென்று அவர்களுடைய பிந்திய ஆய்வுகள் காட்டின. மாணவன் அதே மாணவன். பாடமும் அதே பாடம். வரிசை மட்டுமே மாறியது!

இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியாதது

இவற்றையெல்லாம் கண்டு, இயந்திரம் சொல்வதே தெய்வவாக்கு என்று நாம் மயங்கிவிடலாகாது. எதன்பின் எது நிகழ்ந்தது என்பதை இயந்திரம் கூறும். ஏன் நிகழ்ந்தது என்பதை அது தானே கூறாது. இந்த வேறுபாடு எம்மவருக்கு மிகமிக முக்கியமானது. ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்குவோம்.

ஒரு பீடத்தில் 200 மாணவர் சேர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டுக் கணிதத்தில் 90 பேர் தவறினர். 110 பேர் சித்தியடைந்தனர். எல்லோரும் இரண்டாமாண்டில் புள்ளிவிவரவியல் எழுதினர். கணிதத்தில் தவறிய 90 பேரில் 48 பேர் அதிலும் தவறினர். நூற்றுக்கு 53 பேர். கணிதத்தில் சித்தியடைந்த 110 பேரில் 24 பேர் தவறினர். நூற்றுக்கு 22 பேர். இதைக் கண்ட கணினி என்ன சொல்லும்? கணிதத்தில் சித்தியடையாதவரைப் புள்ளிவிவரவியல் வகுப்புக்குள் விடாதீர் என்று சொல்லும். குழுவும் உடனே தலையசைத்து, புதிய தடையொன்றை விதிக்கும்.

இப்போது அதே 200 பேரை ஆங்கில ஆற்றலைக் கொண்டு இரண்டாகப் பிரிப்போம். ஆங்கிலத்தில் தளர்ந்தவர் 80 பேர். இவருள் கணிதத்தில் தவறியவர் 60. அந்த 60 பேரில் புள்ளிவிவரவியலில் தவறியவர் 45. கணிதத்தில் சித்தியடைந்தவர் 20. அந்த 20 பேரில் தவறியவர் 15. இரு சாராரிலும் நூற்றுக்கு 75! ஆங்கிலத்தில் தேர்ந்தவர் 120 பேர். இவருள் கணிதத்தில் தவறிய 30 பேரில் 3 பேரும், சித்தியடைந்த 90 பேரில் 9 பேரும் புள்ளிவிவரவியலில் தவறினர். இரு சாராரிலும் நூற்றுக்கு 10! கூட்டிப் பாருங்கள், முன்னர் கூறிய 48உம் 24உம் பிசகாமல் வரும். ஆக, இக்கணக்கிலே கணிதத்துக்கும் புள்ளிவிவரவியலுக்கும் இடையில் யாதொரு தொடர்பும் இல்லை. மாணவனை இரண்டு இடத்திலும் வீழ்த்தியது மொழி. கணிதத்தைத் தடையாக நிறுத்தியிருந்தால் நோய் இருந்த இடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் பூசப்பட்டிருக்கும்.

இது வெறுங் கணக்கு விளையாட்டன்று. உயர்தரம் வரை தமிழில் கற்றுத் தமிழிலேயே பரீட்சை எழுதிய பிள்ளை, மருத்துவம், பொறியியல், விவசாயம், விஞ்ஞானம் ஆகிய பீடங்களுள் நுழைந்ததும் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறான். சிங்களத்தில் கற்று வந்த கிராமத்துப் பிள்ளைக்கும் இதே கதிதான். புள்ளி ஏட்டிலே இரசாயனம் என்றும் பௌதிகம் என்றும் எழுதப்பட்டிருக்கும் தோல்விகளுள் எத்தனை, உண்மையில் மொழியின் தோல்விகள்? மொழிமூலத்தையும் ஆங்கிலத் தேர்ச்சியையும் சேர்த்துப் பாராத எந்த அகழ்வும் எம் பிள்ளைகளைப் பற்றிப் பொய்யே சொல்லும்.

இன்னும் மூன்று படுகுழிகள் உண்டு. முதலாவது, ஏட்டில் இல்லாதவர்கள். முதலாண்டோடு படிப்பைக் கைவிட்டுப் போனவன் இரண்டாமாண்டுப் பட்டியலில் இரான். கரை சேர்ந்தவரை மட்டும் எண்ணிவிட்டு, ஆற்றில் ஆபத்தில்லை என்று எழுதுவதுபோல் ஆகிவிடும். இரண்டாவது, தற்செயல். 40 பாடங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 780 சோடிகள் வரும். நூற்றுக்கு ஐந்து தற்செயலாகவே தொடர்புள்ளவைபோல் தோன்றும் சோதனையை வைத்தால், எவ்விதத் தொடர்பும் இல்லாத இடத்திலும் 39 சோடிகள் பெரிய கண்டுபிடிப்புகள்போலக் காட்சி தரும். ஆண்டுக்கு நாற்பது ஐம்பது பேர் மட்டுமே சேரும் துறைகளில் இந்த மயக்கம் இன்னும் அதிகம். மூன்றாவது, காலம். 2020இலும் 2021இலும் தொற்றுநோயினால் வீட்டிலிருந்தபடி படித்தவரையும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றி அல்லற்பட்டவரையும், வேறு ஆண்டுகளில் அமைதியாகப் படித்தவரையும் ஒரே குவியலில் கொட்டினால், வெளிவருவது பாடத்தின் இயல்பன்று, நாட்டின் துன்பம்.

கணக்கின் பெயரால் நாம் பட்ட பாடு

கணக்கைக் கண்டு நாம் அஞ்சுபவரல்லர். ஆனால் கணக்கின் பெயரால் நடந்தவற்றை மறந்தவருமல்லர். 1970ஆம் ஆண்டு பரீட்சை எழுதியோருள் மருத்துவக் கல்விக்குச் சிங்கள மூலம் தோற்றியவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மூலம் தோற்றியவருக்கு 250 வேண்டியிருந்தது. 1973இல் மொழிமூலவாரியாகப் புள்ளிகளைத் திருத்தும் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு அதனுடன் சேர்ந்தது. சூத்திரம் புள்ளிவிவர நூலில் உள்ள சூத்திரந்தான். அதை எந்தக் கேள்விக்கு, யாருக்கு எதிராகப் பிரயோகித்தனர் என்பதிலேதான் அநீதி இருந்தது. சூத்திரம் நடுநிலையானது என்று கூறி எவரும் எம் வாயை அடைக்க இயலாது.

அண்மைக் காலத்திலும் பாடம் உண்டு. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியோரும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியோரும் இருந்தனர். இரு சாராரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்க மறுத்து, இரு சாராருக்கும் வெவ்வேறாகக் கணிக்கும்படி கட்டளையிட்டது. வெவ்வேறு பாடத்திட்டத்தாரை ஒரே தராசில் கொட்டலாகாது என்னும் புள்ளிவிவரவியலின் முதற்பாடம், நீதிமன்றத்தின் வாயால் சொல்லப்பட வேண்டியிருந்தது!

நாடு கடந்து பார்ப்போம். 2020இல் தொற்றுநோயால் பரீட்சைகள் நின்றபோது, இங்கிலாந்தில் உயர்தர மாணவரின் தரத்தை ஒரு கணிப்பு முறை தீர்மானித்தது. அந்தப் பாடசாலையில் முன்னைய ஆண்டுகளில் படித்தோர் பெற்ற பெறுபேறுகள் இந்த ஆண்டுப் பிள்ளையின் தலையெழுத்தாயின. ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைக்கப்பட்டன. வறிய ஊரின் பாடசாலையிலே ஒளிவிட்ட பிள்ளை, தனக்கு முன் அங்கே படித்தவர்களின் குறைக்குத் தண்டம் செலுத்தினான். மாணவர் தெருவிலிறங்கினர்; ஆகஸ்ட் 17ஆம் திகதி அரசாங்கம் பணிந்தது. அமெரிக்காவிலோ, சில பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திய கணினி முறை, மாணவனின் இனத்தையே அவன் தவறுவதற்கான அறிகுறிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது என்பது 2021இல் அம்பலமாயிற்று.

இவையெல்லாம் எதைக் காட்டுகின்றன? நேற்றைய ஏட்டைக் கொண்டு பாடத்தை ஆராய்ந்தால் நாளைய பாடம் திருந்தும். அதே ஏட்டைக் கொண்டு மாணவனை ஆராய்ந்து ஒதுக்கினால் நேற்றைய அநீதியே நாளையும் தொடரும். முல்லைத்தீவிலிருந்து வருபவர்கள் இந்தப் பாடத்தில் தவறுவது வழக்கம் என்று ஏடு சொல்லுமானால், அவர்களை அப்பாடத்திலிருந்து தள்ளிவைப்பது ஒரு வழி. அவர்களுக்கு முன்னே என்ன கற்பித்திருக்க வேண்டும் என்று கேட்பது மற்றொரு வழி. முதலாவது வழியில் செல்ல நாம் ஒருபோதும் உடன்படோம்.

செய்ய வேண்டியவை

1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 1986இல் எழுந்த கிழக்குப் பல்கலைக்கழகமும், 1996இல் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021இல் தனித்தியங்கத் தொடங்கிய வவுனியாப் பல்கலைக்கழகமும் எம் மண்ணில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தின் விவசாய பீடம் போரினால் கிளிநொச்சியை விட்டு அகன்று, 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் அங்கே வேரூன்றியது. இத்தனை இடருக்கும் ஈடுகொடுத்த நிலையங்களுக்குத் தமது புள்ளி ஏடுகளைத் திறந்து பார்ப்பது இயலாத காரியமா?

வசதி இல்லை என்று சிலர் கூறக்கூடும். இதற்கு வேண்டிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கணினித் துறையும் புள்ளிவிவரத் துறையும் எம் பல்கலைக்கழகங்களிலேயே உள்ளன. இறுதியாண்டு மாணவர் அந்நிய நாட்டுக் கடைகளின் விற்பனைத் தரவை எடுத்துப் பயிற்சி செய்வதைக் காட்டிலும், பெயரும் சுட்டெண்ணும் நீக்கப்பட்ட தம் பீடத்தின் ஏட்டை ஆராய்வது மேலன்றோ? தமது பாடத்தின் இடத்தைப் பிறர் ஆராய்வது தமக்கு இழுக்கு என்று சில விரிவுரையாளர் கருதக்கூடும். எமது நோக்கம் ஆசிரியரைக் குறைகூறுவதன்று. நல்ல ஆசிரியரின் உழைப்பும் தவறான இடத்தில் வைக்கப்பட்ட பாடத்தில் வீணாகிறதே என்பதே எம் கவலை.

ஆகவே, பின்வருவனவற்றை நாம் வற்புறுத்துகிறோம்.

முதலாவதாக, ஒவ்வொரு பீடமும் தன் பட்டநெறியின் பாடச் சங்கிலியை வரைந்து, எந்தப் பாடம் எத்தனை பாடங்களின் கதவை அடைக்கிறது என்பதை மாணவர் அறிய வெளியிட வேண்டும்.

இரண்டாவதாக, பத்தாண்டுப் புள்ளிகளை ஆராயும்போது மொழிமூலம், ஆங்கிலத் தேர்ச்சி, படிப்பைக் கைவிட்டோர் விபரம் ஆகியவற்றைச் சேர்த்தே ஆராய வேண்டும். பாடத்திட்டம் மாறிய ஆண்டுகளைப் பிரித்தே கணக்கிட வேண்டும். சிறிய துறைகள் ஒத்த பாடத்திட்டமுடைய பிற பல்கலைக்கழகத் துறைகளுடன் கைகோக்கலாம்.

மூன்றாவதாக, அகழ்வில் தோன்றும் எந்தத் தொடர்பையும் உடனே சட்டமாக்கலாகாது. அப்பாடத்தைக் கற்பித்தவரையும் அதில் தவறிய மாணவரையும் அழைத்துக் கேட்ட பின்னரே வரிசையை மாற்ற வேண்டும். மாற்றிய பின், அடுத்துவரும் இரண்டு மூன்று அணிகளின் பெறுபேற்றைப் பார்த்து, மாற்றம் பலித்ததா என்று பகிரங்கமாகக் கூற வேண்டும்.

நான்காவதாக, தனி மாணவன் ஒருவனைத் துறையிலிருந்து விலக்கவோ, தடுக்கவோ, தரம்பிரிக்கவோ இக்கணிப்பைப் பயன்படுத்தலாகாது என்று மூதவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யும்படி கோரும் உரிமையை எழுத்தில் வைத்திருக்கிறது. எம் பல்கலைக்கழகங்கள் அந்தச் சட்டத்துக்கும் ஒரு படி முன்னே செல்லட்டும்.

ஐந்தாவதாக, உயர்தரப் பெறுபேறு வந்த பின்னும் பல்கலைக்கழகம் அழைக்கும்வரை எம் பிள்ளைகள் வீட்டில் கழிக்கும் நெடிய மாதங்கள் வீணாகின்றன. ஆங்கிலம் எந்த அரையாண்டில் வரவேண்டும் என்ற கேள்விக்கு விடை அந்த மாதங்களில் இருக்கிறது. வரிசையின் முதற்பாடம் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே, ஊர்ப் பாடசாலையிலும் வாசிகசாலையிலும் தொடங்கட்டும்.

இப்பணியில் எம் படித்த வர்க்கத்தாருக்குப் பெரும் பங்குண்டு. கொழும்பிலும் கடல் கடந்தும் கணக்காளராக, பொறியியலாளராக, கணினி வல்லுநராக, மருத்துவராக விளங்குவோர் தாம் கற்ற பீடத்துக்கு மண்டபமும் மணிக்கூட்டுக் கோபுரமும் கட்டிக் கொடுக்க முன்வருகின்றனர், நன்று. ஆண்டில் சில நாட்களைத் தம் அறிவுக்கும் ஒதுக்கி, இந்த ஏடுகளை ஆராயும் இளம் விரிவுரையாளருக்குத் துணை நிற்பார்களானால், அது எந்தக் கோபுரத்தைக் காட்டிலும் உயர்ந்து நிற்கும்.

கமக்காரப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினான் என்ற செய்தி வந்தால், அவனை வைவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவனுடன் எத்தனை பேர் தவறினர், முன்னைய ஆண்டுகளில் எத்தனை பேர் தவறினர் என்று கேளுங்கள். பாதிக்குப் பாதி என்று விடை வருமானால், அந்தக் கேள்வியை எழுத்தில் பீடாதிபதிக்கு அனுப்புங்கள். உங்கள் வரியால் இயங்கும் நிலையம் அது. விடை கூறும் கடமை அதற்குண்டு. கேட்பாரில்லாத வரையில் ஏடுகள் உறங்கும். பிழையான வரிசை ஆண்டுதோறும் தன் பலியைக் கொள்ளும். கேட்கத் தொடங்குவோம்!